வெளிநாட்டுப் படிப்புக்கு என்ன எடுத்துட்டுப் போறது? முதல்ல பணம், அப்புறம்தான் பெட்டி



போன மாசம் காரைக்கால்ல எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். மாங்கனித் திருவிழா முடிஞ்ச கையோட சித்தி போன் பண்ணி, "தம்பிக்கு டிக்கெட் போட்டாச்சு. நீதான் அங்க இருந்துட்டு வந்தவன், ஒரு தடவை வந்து பெட்டியைப் பார்த்துட்டுப் போப்பா"ன்னு சொன்னாங்க. தம்பின்னா சித்தி பையன். சென்னையில ரெண்டரை வருஷம் ஐடி வேலை பார்த்தான். இப்ப அதை விட்டுட்டு, செப்டம்பர் சேர்க்கையில எம்எஸ்சி படிக்க அயர்லாந்துக்குக் கிளம்பறான். நான் 2022-ல போன அதே டப்ளின்.

போய்ப் பார்த்தா ஹால்ல கால் வைக்க இடமில்லை. கனமான ரஜாய், மிக்ஸி, குக்கர், இட்லித் தட்டு, எவர்சில்வர் தட்டு ஒரு செட், அஞ்சு கிலோ பொன்னி அரிசி, ரெண்டு லிட்டர் தேங்காய் எண்ணெய், பனிப் பிரதேசத்துக்குப் போடற ஜாக்கெட், அதுக்குத் தோதா பூட்ஸ், ஒரு டஜன் நோட்டு, நாலு வகை ஊறுகாய், பொடி டப்பாக்கள், ஒரு ஓரமா நெத்திலிக் கருவாடு. எல்லாத்தையும் எடை போட்டுப் பார்த்தோம். 68 கிலோ. டிக்கெட்ல 30 கிலோ, மாணவர் சலுகையில இன்னொரு 10 கிலோ, ஆக மொத்தம் 40தான் அனுமதி. 28 கிலோ அதிகம்.

"அண்ணே, கூரியர்ல கேட்டாச்சு. கிலோ 650 ரூபா. 18,200 ஆகும். கட்டிடலாம்ல?"ன்னு தம்பி கேட்டான்.

"கையில எவ்வளவு யூரோ எடுத்துட்டுப் போற?"ன்னு திருப்பிக் கேட்டேன். அவன் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா ஃபேனைப் பார்த்தார்.

இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பத்தினது. வேலைக்குப் போய் ரெண்டு மூணு வருஷம் சேமிச்சு, மீதிக்கு லோன் போட்டு, மேற்படிப்புக்குக் கிளம்பற எல்லாருக்கும் இது பொருந்தும். தம்பி தங்கச்சி போறாங்க, லோன்ல கையெழுத்து போட்டது நீங்கன்னாலும் பொருந்தும்.

நான் செஞ்ச தப்பு

2022 ஆகஸ்ட்ல நான் கிளம்பறப்ப என் பெட்டிகள் மொத்தம் 64 கிலோ. அப்பா ஏலச்சீட்டு எடுத்து 85,000 ரூபாய்க்குச் சாமான் வாங்கிக் கொடுத்தார். அன்னைக்கு ரேட்ல அது ஆயிரம் யூரோவுக்கு மேல. பெருமையாத்தான் இருந்துச்சு. சென்னை ஏர்போர்ட்ல வண்டியில இருந்து இறக்கறதுக்கே மூணு பேர் வேண்டியிருந்தது.

டப்ளின்ல இறங்கி எட்டாவது நாள் ஒரு ரூம் கிடைச்சுது. மூணு பேரோட பகிர்ந்துக்கற வீடு, மாசம் 650 யூரோ. ஒரு மாச வாடகை, ஒரு மாச டெபாசிட், ஆக 1,300. சாயங்காலத்துக்குள்ள கட்டினா ரூம் உங்களுக்குன்னு சொன்னாங்க. என் கையில இருந்தது 900. ஊர்ல இருந்து பணம் வர மூணு நாள் ஆகும். எனக்கு அடுத்து பார்க்க வந்தவர் அங்கேயே நின்னு போன்ல பணத்தைப் போட்டுட்டார்.

அப்புறம் இன்னும் 21 ராத்திரி ஹாஸ்டல் கட்டில். ராத்திரிக்கு 38 யூரோ. 798 யூரோ அப்படியே போச்சு. அந்த நாட்கள்ல ஹாஸ்டல், நண்பனோட அறை, மறுபடி ஹாஸ்டல்னு மூணு தடவை இடம் மாறினேன். 64 கிலோவோட பஸ்ல ஏற முடியாது, ஒவ்வொரு தடவையும் டாக்சி. மிக்ஸியை மூணு இடத்துக்கும் தூக்கிட்டுப் போனேன், ஒரு சட்னிகூட அரைக்கலை. கடைசியில ரூம் கிடைச்சப்ப அப்பா பணம் அனுப்பினார். எப்படிப் புரட்டினார்னு அப்ப கேக்கத் தோணலை. அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக்குப் போனது, லீவுக்கு ஊருக்கு வந்தப்ப அம்மா கையைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது.

பெட்டி நிறைய ஆயிரம் யூரோ சாமான். தேவைப்பட்டது 400 யூரோ ரொக்கம். இது யாரோட கெட்ட எண்ணமும் இல்லை. எங்க வீட்டுல யாருமே அந்த ரெண்டையும் ஒரே கணக்குல போட்டுப் பார்க்கலை, அவ்வளவுதான்.

கப்பல் காலத்துப் பழக்கம், விமான காலத்துக் கட்டணம்

எங்க ஊர்க்காரங்களுக்கு இந்தப் பெட்டி கட்டற பழக்கம் புதுசு இல்லை. பிரெஞ்சுக்காரங்க காலத்துல காரைக்கால் துறைமுகத்துல இருந்து கப்பல் கப்பலா ரீயூனியன் தீவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் போனாங்க. அவங்க கிட்டத்தட்ட வெறுங்கையோட போனவங்க. அடுத்த தலைமுறைகள் பக்கத்துல நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி பினாங்கு, சிங்கப்பூர்னு போச்சு. எம்.வி. சிதம்பரம் கப்பல் 1985-ல தீப்பிடிக்கற வரைக்கும் அந்த வழியில ஓடிட்டிருந்தது. தகரப் பெட்டி, டிரங்குப் பெட்டின்னு வீட்டையே கட்டிட்டுப் போற பழக்கம் அந்தக் காலத்துது. கப்பல்ல இடம் தாராளம். போற இடத்துல நம்ம சாமான் கிடைக்குமான்னும் உறுதியில்லை. திரும்பி வர மூணு நாலு வருஷம் ஆகும். அன்னைக்கு அது சரியான முடிவு.

இன்னைக்கு விமானம் கிலோ கணக்குல காசு கேக்குது. டப்ளின்ல உளுந்து, இட்லி அரிசி, புளி, சாம்பார் வெங்காயம் வரைக்கும் இந்தியக் கடைகள்ல கிடைக்குது. காரணம் ரெண்டும் போயிடுச்சு, பழக்கம் மட்டும் மிச்சம்.

சொந்தக்காரங்க யோசனையும் இப்படித்தான். பாரிஸ்ல இருக்கற பெரியப்பா எனக்கு ஆசையா ரெண்டு பிளக் அடாப்டர் கொடுத்தனுப்பினார். ரெண்டு உருண்டை முள்ளு. டப்ளின்ல சுவத்துக்குள்ள நுழையவே இல்லை. அயர்லாந்துல இங்கிலாந்து மாதிரி மூணு சதுர முள்ளு. சிங்கப்பூர், மலேசியா, துபாய்ல இருக்கற அதே வகை. வோல்டேஜ் நம்ம ஊர் மாதிரியே 230தான், அதனால அடாப்டர் மட்டும் போதும், கன்வெர்ட்டர் தேவையில்லை. "ஐரோப்பா"ன்னு ஒரே ஊரா நினைக்காதீங்க. போற இடத்துல இப்ப இருக்கறவங்களைக் கேளுங்க.

"அங்க போய் வாங்கிக்கலாம்"னு சொல்றதும் பாதிதான் சரி

இதுக்கு நேர் எதிரா, "ஒரு பையோட போ, எல்லாம் அங்க வாங்கிக்கலாம்"னு சொல்ற சீனியர்களும் இருக்காங்க. அவங்க இப்ப சம்பளத்துல இருக்கறவங்க. 2026 ஜனவரியில இருந்து அயர்லாந்துல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 14.15 யூரோ. மாணவர்கள் படிப்பு நடக்கறப்ப வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த வருமானம் வந்துட்டா ஒரு போர்வை ரெண்டு மணி நேர வேலை. அதை 2,800 ரூபாய்னு மாத்திப் பார்த்து வாங்காம குளிர்ல நடுங்கறது முட்டாள்தனம்.

ஆனா பார்ட் டைம் வேலை முதல் வாரமே கிடைக்காது. சிலருக்கு ரெண்டு மாசம்கூட ஆகும். அதுவரைக்கும் செலவாகற ஒவ்வொரு யூரோவும் லோன் இல்லைன்னா சேமிப்பு. அதனால நான் சொல்ற விதி இதுதான்: வேலை கிடைக்கற வரைக்கும் ரூபாய்ல கணக்கு போடுங்க, கிடைச்ச பிறகு மணி நேரத்துல கணக்கு போடுங்க. முதல் மாசத்துக்கு அவசியமானது பெட்டியில வரணும். மத்ததெல்லாம் முதல் சம்பளம் வாங்கிக் கொடுக்கும்.

பெட்டிக்கும் வட்டி உண்டு

"லோன் காசுல வாங்கலைண்ணே, என் பிஎஃப் காசு"ன்னு தம்பி சொன்னான். பணத்துக்கு முகம் கிடையாது. உங்க சொந்தக் காசு 72,000 சாமானுக்குப் போனா, அங்க சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் 72,000 கூடுதலா லோன்ல இருந்துதான் எடுப்பீங்க. கூடவே இன்னொண்ணு: அஞ்சு வருஷம் தொடர்ச்சியா சர்வீஸ் முடியாம பிஎஃப் எடுத்தா அதுக்கு வரியும் உண்டு.

ஒரு உதாரணம் போடுவோம். கல்விக் கடன் வட்டி 10.5%னு வச்சுக்குவோம். படிப்பும் அதுக்கு அப்புறம் கொடுக்கற அவகாசமும் சேர்த்து ரெண்டு வருஷம் தனி வட்டி ஏறுது, அப்புறம் பத்து வருஷ இஎம்ஐ. ஒரு லட்சம் ரூபாய் ரெண்டு வருஷத்துல 1,21,000 ஆகும். இஎம்ஐ மாசம் சுமார் 1,633. பத்து வருஷத்துல கட்டி முடிக்கறது கிட்டத்தட்ட 1,96,000. தம்பியோட 72,000 சாமானும் 18,200 கூரியரும் சேர்ந்து 90,200. கட்டி முடிக்கறப்ப அது 1.76 லட்சத்தைத் தாண்டும். ரஜாய் ரெண்டு குளிர்காலம் தாங்கும். இஎம்ஐ பத்து வருஷம்.

பொருள் பொருளா பார்த்தா

ஹால்ல உட்கார்ந்து ஒவ்வொண்ணா எடுத்து வச்சோம். யூரோவை 100 ரூபாய்னு போட்டுக்கிட்டோம். நீங்க உங்க தேதி ரேட்டைப் போட்டுக்கங்க. எந்தப் பொருளுக்கும் கணக்கு ஒண்ணுதான்: இங்க வாங்கற விலை, கூட அது பிடிக்கற எடைக்கான காசு, எதிர்ப்பக்கம் அங்க வாங்கற விலை.

*ரஜாய்:* பாரதியார் சாலையில 1,800 ரூபாய். மூணரை கிலோ. கூரியர் ரேட்ல 2,275. மொத்தம் 4,075. டப்ளின்ல பெரிய துணிக்கடை, சூப்பர் மார்க்கெட்ல சுமாரான போர்வை 25, 30 யூரோ. விட்டுட்டுப் போகணும்.

*மிக்ஸி:* ஜாரோட ஆறு கிலோ. விலை 4,500, எடைக்கு 3,900. மொத்தம் 8,400. சட்னிக்குப் போதுமான சின்ன பிளெண்டர் அங்க 30 யூரோ சுத்தி. விட்டுட்டுப் போகணும். சித்திக்கு வருத்தம்தான். நான் தூக்கிட்டு அலைஞ்ச கதையைச் சொன்னேன்.

*குக்கர்:* மூணு லிட்டர், ரெண்டு கிலோ. 2,200 கூட எடைக்கு 1,300, மொத்தம் 3,500. நம்ம விசில் குக்கர் அங்க இந்தியக் கடையில அதைவிட விலை. முதல் நாள்ல இருந்து வேணும். எடுத்துட்டுப் போகணும். ஆனா அங்க பல வீடுகள்ல கேஸ் கிடையாது, கரன்ட் அடுப்புதான். இண்டக்‌ஷனுக்கும் ஆகற தட்டையான அடிப்பாகம் இருக்கற குக்கரா பாருங்க. உள்ள சாக்ஸையும் பொடிப் பாக்கெட்டையும் திணிச்சிடலாம், இடம் வீணாகாது.

*ஜாக்கெட், பூட்ஸ்:* டப்ளின் லண்டனும் இல்லை, கனடாவும் இல்லை. ஜனவரியில சராசரி அஞ்சு டிகிரி சுத்தி. பனி கொட்டிக் கிடக்கறது அபூர்வம். உங்களை அடிக்கறது மழையும் காத்தும். சென்னைக் கடையில ஆயிரக்கணக்குல விக்கற பனி ஜாக்கெட் அந்த மழையில ஊறிடும். தண்ணி உள்ள போகாத ஜாக்கெட் அங்கேயே வாங்கலாம். தர்ம காரியத்துக்கு நடத்தற பழைய துணிக் கடைகள்ல நல்ல நிலைமையில குறைஞ்ச விலைக்குக் கிடைக்கும். குடை வேண்டாம், காத்துல முதல் வாரமே திரும்பிக்கும். அதுக்குப் பதிலா தெர்மல், பனியன், உள்ளாடை, சாக்ஸ் இங்க வாங்குங்க. திருப்பூர் பக்கத்துல இருக்கறப்ப அதை யூரோ கொடுத்து வாங்கறது பாவம்.

*அரிசி, எண்ணெய், நோட்டு, தட்டு:* எல்லாத்தையும் விட்டுடுங்க. ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு கரண்டி போதும்.

*கண்ணாடி, பல்லு, மருந்து:* இதுதான் உண்மையான லாபம். அயர்லாந்துல ஜிபின்னு சொல்ற பொது மருத்துவரை ஒரு தடவை பார்க்க 50ல இருந்து 70 யூரோ. மாணவர்களுக்குக் காப்பீடு கட்டாயம், ஆனா மலிவான பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரியில சேர்ந்தாத்தான் உதவும். பல்லு வலி வந்தா பாக்கெட் காலி. அதனால கிளம்பறதுக்கு ஒரு மாசம் முன்னாடி பல்லைக் காட்டி அடைக்கறதை அடைச்சுடுங்க. கண் சோதிச்சு ரெண்டு கண்ணாடி போட்டுக்கங்க. தினசரி மருந்து இருந்தா டாக்டர் சீட்டோட, மருந்தோட வேதிப்பெயர் எழுதி வாங்கி எடுத்துட்டுப் போங்க. எடை கால் கிலோ. மிச்சம் சில நூறு யூரோ.

*காகிதம்:* எடையே இல்லாத, ஆனா விலை மதிப்பு அதிகமான சாமான். அங்க வீட்டுக்காரங்க "இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க, அந்த ஹவுஸ் ஓனர் கடிதம் உண்டா, வேலை பார்த்த இடத்துக் கடிதம் உண்டா"ன்னு கேப்பாங்க. இருபது பேர் வரிசையில நிக்கற இடத்துல அந்த ரெண்டு கடிதம் உங்களை முன்னாடி நிறுத்தும். சென்னையில இருந்த வீட்டு ஓனர்கிட்ட, வாடகை ஒழுங்கா கொடுத்தார், வீட்டை நல்லா வச்சிருந்தார்னு ஒரு பக்கம் ஆங்கிலத்துல வாங்கிக்கங்க. வேலையை விட்டு வர்றப்ப மேனேஜர்கிட்ட ஒண்ணு. நான் வாங்காமப் போனேன்.

வாசல்ல தடுக்கற சாமான்கள்

சுங்கத்துல தூக்கிப் போட்டா, விலையும் போச்சு, எடைக்காசும் போச்சு. அதனால இதையும் பணக் கணக்காவே பாருங்க.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள வெளிநாட்டுல இருந்து கறி, பால் பொருள் எதுவும் பயணிகள் கொண்டு போகக் கூடாது. அதனால நெய், பால்கோவா, பால் இனிப்பு எல்லாம் வீட்டோட. பச்சைக் கறிவேப்பிலை, காய், பழம், செடி எதுவும் தாவர நலச் சான்றிதழ் இல்லாம உள்ள விட மாட்டாங்க. வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, அன்னாசி, டுரியன் அஞ்சுக்கும் விலக்கு உண்டு. ஆனா தேங்காய்க்குச் சட்டம் வழி விட்டாலும் கொப்பரைக்கு விமானம் வழி விடாது. அது தீப்பிடிக்கற சரக்குப் பட்டியல்ல இருக்கு. பவர் பேங்க் கைப்பையிலதான் வரணும், பெரிய பெட்டியில கூடாது. எந்தப் பெட்டியும் 32 கிலோவைத் தாண்டக் கூடாது.

நம்ம ஊர்ல இருந்து பாதிப் பேர் வளைகுடா வழியாத்தான் போறாங்க. ஐக்கிய அரபு நாடுகள்ல கசகசா தடை செய்யப்பட்ட பொருள். வீட்டு மசாலாவுல கசகசா வறுத்துப் போடற பழக்கம் இருந்தா, இந்த ஒரு தடவை போடாம அரைக்கச் சொல்லுங்க.

ஒரு நல்ல செய்தி. கருவாட்டுக்குத் தடை இல்லை. மீன் வகைகள் காய்ஞ்சது உட்பட ஒருத்தருக்கு 20 கிலோ வரைக்கும் அனுமதி உண்டு. இதைச் சொன்னதும் சித்தி முகத்துல வெளிச்சம். ஆனா ஏழு பேர் பகிர்ந்துக்கற சமையலறையில நெத்திலி வறுத்தா என்ன நடக்கும்னும் சொன்னேன். அரைக்கிலோவுல சமாதானம் ஆச்சு.

வேற தீவுக்குப் போறவங்க, அது இங்கிலாந்தோ சிங்கப்பூரோ மால்ட்டாவோ, அந்தந்த நாட்டுச் சுங்கத்துறை பக்கத்தை ஒரு தடவை படிச்சிடுங்க. பத்து நிமிஷ வேலை.

கூரியர் வேணாம்னு ஏன் சொல்றேன்

முதல் காரணம் முகவரி. போய் இறங்கறப்ப உங்களுக்கு நிரந்தர முகவரியே இருக்காது. எனக்கு அப்பா பின்னாடி அனுப்பின ஒரு பெட்டி, நான் காலி பண்ணின இடத்துக்குப் போய், யாரும் வாங்காம, கிடங்குல கிடந்து, மூணு வாரம் கழிச்சு வந்துச்சு. அதுக்குள்ள அதுல இருந்ததெல்லாம் நான் வாங்கிட்டேன்.

ரெண்டாவது வரி. ஊர்ல இருந்து பரிசா வர்ற பார்சலுக்கு 45 யூரோ மதிப்பு வரைக்கும்தான் விலக்கு. அதுக்கு மேல வாட் வரி, கூடவே கூரியர்காரங்க போடற கையாளும் கட்டணம். படிக்க வர்றவங்களோட சொந்தத் துணி, படிப்புச் சாமான், அறைச் சாமானுக்குத் தனியா வரிவிலக்கு உண்டு. ஆனா அது தானா கிடைக்காது. நீங்க கேட்டு, கல்லூரிக் கடிதம் காட்டி வாங்கணும். மளிகைச் சாமானுக்கு அது பொருந்தவும் பொருந்தாது.

முதல்ல கட்ட வேண்டியது இது

இப்ப அந்த மௌனத்துக்கு வருவோம். தம்பிக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தது:

- தற்காலிகத் தங்கல், 14 ராத்திரி, 40 யூரோ வீதம்: 560
- பகிர்ந்துக்கற அறை, 700 யூரோ வாடகைன்னு வச்சு, ஒரு மாச முன்வாடகை, ஒரு மாச டெபாசிட்: 1,400
- ஐஆர்பின்னு சொல்ற குடியேற்றப் பதிவு அட்டை: 300
- முதல் மாசச் சாப்பாடு, பஸ், சிம்: 250

மொத்தம் 2,510 யூரோ. இறங்கற அன்னைக்கே, எடுத்த உடனே செலவு பண்ற மாதிரி, ஃபாரெக்ஸ் கார்டுல கொஞ்சமும் கையில கொஞ்சமுமா இது இருக்கணும். விசாவுக்காகக் கணக்குல காட்டின பணமோ, அடுத்த தவணையில வரப்போற லோனோ இதுல சேராது. வாடகை விஷயத்துல ஒரு ஆறுதல்: 2021-ல வந்த சட்டப்படி வீட்டுக்காரர் பொதுவா ஒரு மாச டெபாசிட், ஒரு மாச முன்வாடகைக்கு மேல கேக்க முடியாது. சென்னை மாதிரி ஆறு மாசம், பெங்களூர் மாதிரி பத்து மாசம் அட்வான்ஸ் கிடையாது. அதனால இந்தத் தொகையை முன்கூட்டியே கணக்கு போட முடியும். வீட்டை நேர்ல பார்க்காம மட்டும் யாருக்கும் ஒரு யூரோகூட அனுப்பாதீங்க.

இந்த 2,510 கையில இருக்குன்னு உறுதி ஆன பிறகு, மிச்சம் இருக்கற பணத்துக்குத்தான் ஷாப்பிங். இந்த வரிசையை மாத்தினா என்ன ஆகும்னு என் அம்மாவோட வளையலைக் கேளுங்க.

அம்மா பொடிக்குக் கணக்கு போடக் கூடாது

இவ்வளவு கறாரா பேசிட்டு ஒரு விஷயத்துல நான் விட்டுக் கொடுக்கறேன். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், ஒரு போட்டோ, பாட்டி கொடுத்த திருநீறு. இதுக்கெல்லாம் அங்க என்ன விலைன்னு பார்க்காதீங்க. நவம்பர் மாசம் நாலரை மணிக்கே இருட்டிடும். அசைன்மென்ட் ஒரு பக்கம், வேலை கிடைக்கலைங்கற பயம் ஒரு பக்கம். அன்னைக்கு ராத்திரி சுடு சாதத்துல ஒரு கரண்டி வீட்டுப் பொடி என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்.

ஆனா அதுக்கும் ஒரு அளவு வைங்க. அஞ்சு கிலோ. அந்த அஞ்சு கிலோவுக்குள்ள என்ன வைக்கணும்னு முடிவு பண்ற உரிமை முழுக்க அம்மாவுக்கு. நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அளவு வச்சா அன்பு குறைஞ்சிடாது. எல்லாம் கொடுக்கணும்னு தவிக்கறவங்களுக்கு, எதைக் கொடுக்கலாம்னு யோசிக்க ஒரு வேலை கிடைக்கும். சித்தி அன்னைக்கு ரெண்டு மணி நேரம் அந்த அஞ்சு கிலோவை மாத்தி மாத்தி அடுக்கினாங்க. ஊறுகாயில ஒண்ணைக் குறைச்சு மாங்காய் வத்தல் வச்சாங்க. தம்பி ஒரு வார்த்தை பேசலை.

கடைசியா நின்ன எடை

39 கிலோ 600 கிராம். ஜாக்கெட்டும் பூட்ஸும் பில்லோட இருந்ததால கடையில திருப்பி எடுத்துக்கிட்டாங்க, வேற சில சாமானும் சேர்த்து 14,000 ரூபாய் கைக்கு வந்துச்சு. கூரியர் வேணாம்னு விட்டதுல 18,200. ஆக 32,200. நூறு ரூபாய்க் கணக்குல 322 யூரோ. ஐஆர்பி கட்டணம் அதுலயே முடிஞ்சு 22 யூரோ மீதி. 2,510-க்கு மிச்சம் எவ்வளவு குறையுதுன்னு சித்தப்பா அன்னைக்கே உட்கார்ந்து கணக்கு போட்டார். கிளம்ப இன்னும் நாள் இருக்கறப்பவே கணக்கு தெரிஞ்சதால நகை எதையும் தொடாம, வர வேண்டிய ஒரு கைமாத்தைக் கேட்டு வாங்கினார்.

மிக்ஸி சித்தி வீட்டுலயே இருக்கு, பழைய மிக்ஸிக்கு ஓய்வு. ரஜாய்தான் என்ன பண்றதுன்னு தெரியலை. காரைக்கால் வெயில்ல ரஜாயை யார் போத்திக்கறது? மார்கழியில பாட்டிக்கு ஆகும்னு பரண்ல ஏத்தியாச்சு.

உங்க வீட்டுலயும் யாராவது கிளம்பறாங்கன்னா, பெட்டி வாங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தாள்ல அந்த நாலு வரியை எழுதுங்க. உங்க ஊர் வாடகை, உங்க ஊர் பதிவுக் கட்டணம் போட்டு எழுதுங்க. எழுதிட்டு அப்பாகிட்ட காட்டுங்க. அவர் ஃபேனைப் பார்த்தாருன்னா, ஷாப்பிங்கை அன்னைக்கு நிறுத்துங்க.

எடுத்துட்டுப் போனதுல எது உங்களுக்கு உதவுச்சு, எது கடைசி வரைக்கும் பிரிக்கவே இல்லைன்னு கீழ எழுதுங்க. நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுக்கு அதையே எடுத்துக்கறேன். அடுத்து கிளம்பறவங்களுக்கு உதவும்.